கணக்கு யார் கையில்? - பொருளாதார முதுகலைப் படிப்பும் நம் பிள்ளைகளும்

(சித்தூர், திருப்பதி வட்டாரத் தமிழ் மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமையின் ஓய்வையும் விட்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். சித்தூரிலிருந்து 70 கிலோமீட்டர் பேருந்தில் வந்தவர்களும் இருக்கிறீர்கள்.

எல்லைப் பிரச்சினை, பாலாற்றுத் தண்ணீர், தமிழ்ப் பள்ளி என்றெல்லாம் பேசுகிற சங்கம், பொருளாதாரத்தில் எம்.ஏ. படிப்பதைப் பற்றிப் பேசப் புறப்பட்டது ஏன் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்வதற்கு முன், நாங்கள் தலைகுனிந்த ஒரு நாளைச் சொல்லியாக வேண்டும்.

2025-ஆம் ஆண்டு கோடையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சித்தூர் மாவட்டமெங்கும் கிளிமூக்கு மாம்பழம் வண்டி வண்டியாகத் தேங்கிக் கிடந்தது. கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. முந்தின ஆண்டின் கூழே விற்காமல் கிடங்கில் இருக்கிறது என்று ஆலைக்காரர்கள் சொன்னார்கள். ஆலை கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துக் கொடுக்கும், ஆக 12 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அந்த எட்டு ரூபாயும் முழுதாகக் கைக்கு வரவில்லை என்று விவசாயிகள் முறையிட்டார்கள். நம்மவர் சிலரும் அந்த வரிசையில் நின்றவர்களே.

அப்போது எங்களில் நால்வர் ஒரு மனு எழுதிக்கொண்டு அதிகாரி ஒருவரைப் பார்க்கப் போனோம். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "உங்கள் ஊர்களில் எத்தனை பேர் மாந்தோப்பு வைத்திருக்கிறார்கள்? எத்தனை டன் காய்த்தது? ஒரு கிலோ விளைவிக்க உரம், மருந்து, பறிப்புக் கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகிறது?" என்றார். எங்களிடம் கோபம் இருந்தது, கணக்கு இல்லை. ஆலைக்காரர் தரப்பில் வந்தவர் ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் எல்லாம் இருந்தது. அன்றைக்கு அந்த அறையில் பேச்சு நடந்தது அந்தத் தாளின் மீதுதான். எங்கள் மனுவின் மீது அல்ல.

திரும்பி வரும்போது எங்களுக்குள் எழுந்த கேள்வி இது: நம் பிள்ளைகளில் பொறியியல் படித்தவர் பலர், கணினி படித்தவர் பலர், அந்தத் தாளை எழுதவும், எதிர்த்தரப்பின் தாளைப் படித்து மறுக்கவும் தெரிந்தவர் எத்தனை பேர்? இன்றைய உரை அங்கிருந்து பிறந்தது.

தோழர்களே, நம் நிலை என்ன என்பதைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். வடார்க்காட்டின் பகுதிகளையும், கடப்பை மாவட்டத்தின் பகுதிகளையும் சேர்த்து 1911-இல் சித்தூர் மாவட்டம் உண்டாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அது ஆந்திரத்தோடு சென்றது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்திற்குப் பின், படாஸ்கர் வகுத்தபடி 1960 ஏப்ரலில் திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன; சித்தூர், திருப்பதி, புத்தூர், நகரி, குப்பம் இங்கேயே நின்றன. 2022-இல் மாவட்டம் மறுபடியும் பிரிந்து திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. நம்மில் சிலர் இந்தக் கோடுகள் போடப்படும் முன்பிருந்தே இங்கே வாழும் குடும்பத்தினர்; சிலர் பிழைப்புத் தேடிப் பின்னால் வந்தவர்கள். மலையடிவாரத்து விடுதிகளிலும், பூக்கடைகளிலும், வாடகைக் கார் ஓட்டுவதிலும், சத்தியவேடு பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் நம்மவர் உழைக்கிறார்கள். எங்கே உழைத்தாலும் விலையையும் கூலியையும் மானியத்தையும் வேறு யாரோ நிர்ணயிக்கிறார்கள். அது எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் படிப்புதான் பொருளாதாரம்.

இதை மாம்பழத்தை வைத்தே விளக்கலாம். மாங்காய் பழுத்துவிட்டால் காத்திருக்காது. நெல்லைப் போல மூட்டை கட்டி, விலை ஏறட்டும் என்று வைத்திருக்க முடியாது. விற்பவர் பல்லாயிரம் பேர். வாங்கும் ஆலைகள் எண்ணிச் சொல்லக்கூடிய சில. இப்படிப்பட்ட சந்தையில் பேரம் பேசும் வலிமை யாரிடம் இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? விலை நன்றாக இருந்த ஆண்டில் எல்லாரும் கன்று நடுகிறார்கள், சில ஆண்டுகள் கழித்து எல்லார் தோப்பும் ஒன்றாகக் காய்க்கிறது, விலை விழுகிறது. இது யாருடைய தலையெழுத்தும் அல்ல. பாடநூலில் எழுதி வைத்திருக்கிற நடைமுறை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரசு 2025-இல் கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் அறிவித்தது. அது தெரிந்தவுடன் வாங்குபவர் தம்முடைய 8 ரூபாயை 6 ஆக்கிவிட்டால் என்ன ஆகும்? விவசாயி கைக்கு 10 வரும். மானியம் நான்கில் 2 ரூபாய் அவருக்கு. மீதி 2 ரூபாய் ஆலைக்கு. மானியம் விவசாயி பெயரில் எழுதப்பட்டாலும் பாதி வேறிடம் போய்ச் சேர்கிறது. யார் பெயரில் எழுதப்படுகிறது என்பது ஒன்று, யாரைப் போய்ச் சேருகிறது என்பது வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தரும் பாடத்திற்குப் பொதுநிதி என்று பெயர். எம்.ஏ. வகுப்பில் அது ஒரு முழுத் தாள்.

அதே கோடையில் கர்நாடகத்துக் கிளிமூக்கு சித்தூருக்குள் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். கர்நாடக முதலமைச்சர் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். கோலார் விவசாயியும் சித்தூர் விவசாயியும் ஒருவரையொருவர் பகைவராகப் பார்க்கும்படி ஆயிற்று. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி விவசாயியும் அதே பழத்தை அதே சந்தைக்கு விளைவிப்பவர்தான். மூவருடைய துன்பத்துக்கும் காரணம் ஒன்றே என்பதைக் கணக்கோடு எடுத்துச் சொல்ல ஒரு பத்துப் பேர் இருந்திருந்தால் அந்த ஆண்டின் பேச்சே வேறாக இருந்திருக்கும்.

இனி, படிப்புக்கு வருவோம்.

எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாண்டுப் படிப்பு, நான்கு பருவங்கள். தனி மனிதரும் தனித் தொழிலும் எப்படி முடிவெடுக்கின்றன என்று ஆராயும் நுண்ணியல் பொருளாதாரம், நாட்டின் மொத்த உற்பத்தி, வேலை, விலைவாசி இவற்றை ஆராயும் பேரியல் பொருளாதாரம், பொதுநிதி, பன்னாட்டு வாணிபம், இந்தியப் பொருளாதாரம், புள்ளியியல், கணிதம், பொருளாதார அளவையியல் ஆகியவை முக்கியத் தாள்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம்: பள்ளியில் கணக்கை வெறுத்து விட்டவர்களுக்கு முதற்பருவம் கடினமாகத்தான் இருக்கும். பி.ஏ.யில் கட்டுரை எழுதித் தேறியவர்கள் எம்.ஏ.யில் வரைபடத்தையும் சமன்பாட்டையும் கண்டு திகைப்பதை நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோம். சேர்வதற்கு முன் ஆறு மாதம் பள்ளிக் கணக்கை மறுபடியும் போட்டுப் பாருங்கள். பாதி பயம் போய்விடும்.

எங்கே படிப்பது? நம் வாசலிலேயே ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. 1954-இல் தொடங்கியது. பொருளாதாரத் துறையும், தனியே பொருளாதார அளவையியல் துறையும் அங்கே உண்டு. ஆந்திரத்தின் பல்கலைக்கழகங்களில் முதுகலை சேர 2021 முதல் பொது நுழைவுத் தேர்வு நடத்துகிறார்கள். எல்லைக்கு அப்பால் சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, சென்னைக் கிறித்துவக் கல்லூரி, 1993-இல் தொடங்கிய சென்னைப் பொருளியல் பள்ளி ஆகியவை உள்ளன. ஐதராபாத், திருவாரூர் போன்ற இடங்களின் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

இங்கே நம் போன்றவர்கள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விதிகள் உண்டு.

முதலாவது, உள்ளூர் மாணவர் என்ற விதி. 1974-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இங்குள்ள பல்கலைக்கழக இடங்களில் 85 விழுக்காடு அந்தந்த வட்டாரத்து மாணவர்க்கே உரியது. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும்படி, தொடர்ந்து நான்கு கல்வியாண்டுகள் இந்த வட்டாரத்தில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகன் சித்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழில் படிக்கலாமே என்று 35 கிலோமீட்டர் தள்ளி வேலூரில் பி.ஏ. படித்தான். திரும்பி வந்து முதுகலைக்கு விண்ணப்பித்தபோது அவன் உள்ளூர் மாணவன் இல்லை என்றார்கள். பெற்றோர் பத்தாண்டுகள் இம்மாநிலத்தில் வாழ்ந்ததற்குச் சான்று கொண்டுவந்து மீதி 15 விழுக்காட்டில் போட்டியிட்டிருக்கலாம். அந்தச் சான்று வாங்குவதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. ஓராண்டு வீணாயிற்று. வேலூருக்குப் போகாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. போவதற்கு முன் திரும்பி வரும் வழியையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்கிறோம். 2014-இல் மாநிலம் பிரிந்தபின் வட்டார விதிகள் திருத்தப்பட்டு வருவதால், சேரும் ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள்.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்சநீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. 2018-இலும் அதை உறுதி செய்தது. அதாவது அரக்கோணத்திலிருந்து திருப்பதிக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை, ஊர் எவ்வளவு அருகில் இருந்தாலும், இங்கே மாநில ஒதுக்கீட்டில் வர முடியாது. அதே தீண்டாமையை இரு பக்கமும் சுமப்பவனுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் உரிமை என்பதை நம்மால் ஏற்க முடியவில்லை. அதை மாற்றப் போராட வேண்டியதும் நம் கடமை. ஆயினும் மாறும்வரை பிள்ளையின் படிப்பு காத்திருக்காது. மத்திய அரசின் கல்வி நிலையங்களுக்கும் மத்திய அரசு வேலைகளுக்கும் பூர்வீக மாநிலச் சான்றிதழ் செல்லும். ஆகவே பழைய சான்றுகளை வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள்.

சரி, படித்து முடித்தால் என்ன வேலை? தாய்மார்கள் காத்திருப்பது இதற்குத்தான் என்று தெரியும்.

முதலில் ஆசிரியப் பணி. ஆந்திரத்தில் இளநிலைக் கல்லூரி விரிவுரையாளர் ஆவதற்கு முதுகலைப் பட்டம் போதும், பி.எட். வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியராக எம்.ஏ.யோடு பி.எட்.டும் வேண்டும். பட்டக் கல்லூரியில் பாடம் நடத்த 55 விழுக்காடு மதிப்பெண்ணோடு நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வு தேவை. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் தேறிவிட்டால் முனைவர் பட்டம் படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். 2023 முதல் இந்தத் தொகை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது சிறிய தொகையன்று. கடன் வாங்காமல், வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பிக்கொண்டு, ஆய்வு செய்யலாம்.

அடுத்து, இந்தியப் பொருளாதாரப் பணி. 1961-இல் அமைக்கப்பட்டது. மத்திய அரசின் அமைச்சகங்களில் திட்டங்களையும் வரவு செலவையும் ஆராய்கிற அதிகாரிகள் இதிலிருந்துதான் வருகிறார்கள். பொருளாதாரத்தில் முதுகலை படித்தவர் மட்டுமே இந்தத் தேர்வை எழுத முடியும் என்பது இதன் சிறப்பு. வயது 21 முதல் 30. பிற்பட்டோர்க்கும் பட்டியல் இனத்தார்க்கும் தளர்வு உண்டு. எழுத்துத் தேர்வு 1000 மதிப்பெண். நேர்முகத் தேர்வு 200. இடங்கள் மிகக் குறைவு. சில ஆண்டுகளில் இருபதுக்கும் கீழே. ஆனால் போட்டியிடுகிறவர் வட்டமும் சிறியது. ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறை அதிகாரிப் பணிக்கும் இந்தப் பட்டமே நுழைவாயில். நபார்டு வங்கித் தேர்விலும் பொருளாதாரம் ஒரு முக்கியத் தாள். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடமாகப் பொருளாதாரத்தை எடுத்தால் 500 மதிப்பெண்ணுக்கு அது கை கொடுக்கும். மற்றபடி ஆய்வு நிறுவனங்கள், கடன் தர மதிப்பீட்டு நிறுவனங்கள், புள்ளிவிவரத்தை அலசும் தனியார் நிறுவனங்கள் ஆகியவையும் இவர்களை எடுக்கின்றன. அங்கே கேட்பது பட்டத்தை மட்டுமன்று, கணினியில் புள்ளிவிவரத்தைக் கையாளும் பழக்கத்தையும்.

இத்தனையும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் உங்களை ஏமாற்றியவர்கள் ஆவோம். சாதாரண வங்கி அதிகாரித் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும், அதற்காக எம்.ஏ. படிக்கத் தேவையில்லை. எம்.ஏ. பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு, நெட்டும் தேறாமல், கணினியும் பழகாமல், துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருக்கிற பெண் ஒருத்தி நம் சங்கக் குடும்பத்திலேயே இருக்கிறாள். அவள் அறிவில்லாதவள் அல்லள். இரண்டாண்டுகளும் குறிப்பேட்டை மனப்பாடம் செய்து எழுதினாள்; வேறு வழி உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் குற்றத்தில் பாதி எங்களுடையது. இப்போது இருபத்தாறு வயதில் மறுபடியும் நெட் தேர்வுக்குப் படிக்கிறாள். கல்யாணத்தைத் தள்ளிப் போடுகிறாளே என்று அவள் தாயாரிடம் கேட்பவர்கள், அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். உயர்ந்த பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன; அதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் பாடத்தைத் தமிழில் சிந்தித்து, ஆங்கிலத்தில் எழுதப் பழகுங்கள். தெலுங்கையும் வேற்றாக எண்ணாதீர்கள். மண்டியில் தெலுங்கிலும், தோப்பில் தமிழிலும், தேர்வில் ஆங்கிலத்திலும் பேசத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். கள ஆய்வுக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறு என்ன வேண்டும்?

கள ஆய்வு என்றதும் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், நூலகத்தோடு நிற்காமல் கிராமங்களுக்குப் போகும்படி மாணவர்களை அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று அவர்கள் எழுதி வந்தார்கள். 1918-இல் அது நூலாக வந்தது. வடார்க்காட்டுத் தூசி கிராமமும் அதில் உண்டு. அந்தக் கிராமங்களுக்கு 1930-களிலும் பின்னரும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். நூறாண்டுக்கு முந்தைய கூலி இன்றைக்கும் நமக்குத் தெரிகிறதென்றால், அன்று ஒரு மாணவன் குறித்துக்கொண்டு வந்ததால்தான்.

நம் பக்கத்து மனிதர்களும் இந்தப் படிப்பில் உயர்ந்திருக்கிறார்கள். வேலூரில் 1910-இல் பிறந்த மால்கம் ஆதிசேசய்யா, பொருளாதாரப் பேராசிரியராக இருந்து, யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராகி, திரும்பி வந்து 1971-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். பக்கத்துக் கடப்பை மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த ஒய்.வி. ரெட்டி சென்னையில் பொருளாதாரம் படித்தவர். 2003 முதல் 2008 வரை ரிசர்வ் வங்கியின் ஆளுநர். எல்லாரும் ஆளுநர் ஆகிவிட முடியாது. ஆனால் இந்த மண்ணிலிருந்து போக முடியாத இடம் அன்று என்பது தெரிந்தால் போதும்.

திருத்தணியில் பிறந்து, திருப்பதியிலும் வேலூரிலும் படித்த ராதாகிருஷ்ணன் தத்துவப் பாடத்தை எடுத்ததற்குக் காரணம், உறவினர் ஒருவரின் பழைய பாடநூல்கள் கிடைத்ததுதான் என்று சொல்வதுண்டு. வறிய வீட்டில் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான்: எந்தப் புத்தகம் கிடைக்கிறதோ அந்தப் பாடம். அதனால்தான் சங்கம் ஒரு முடிவு செய்திருக்கிறது. எம்.ஏ. முடித்தவர்கள் தங்கள் பாடநூல்களைச் சங்கத்தின் அலமாரியில் சேர்க்க வேண்டும். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் கணக்கும் புள்ளியியலும் சொல்லித்தர நம்மில் மூன்று பேர் முன்வந்திருக்கிறார்கள். சேர்க்கை விண்ணப்பம், உள்ளூர்ச் சான்று, உதவித்தொகை ஆகியவற்றின் கடைசித் தேதிகளை மாதந்தோறும் இந்த ஏட்டில் வெளியிடுவோம்.

மாணவர்களிடம் பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறோம். படிப்பின் முடிவில் ஆய்வுரை எழுதச் சொல்வார்கள். யாரோ எழுதியதைப் பார்த்து எழுதிக் கொடுக்காதீர்கள். உங்கள் தெருவை எழுதுங்கள். மலையடிவாரத்து விடுதியில் துடைத்துக் கழுவுகிற அம்மாவுக்கு என்ன கூலி? தேவஸ்தானத்தின் ஆண்டு வரவு செலவு ஐயாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியிருக்கிற ஊரில், பூ கட்டுகிறவளின் வருமானம் எவ்வளவு? ஒரு கிலோ மாங்காய் விளைவிக்க என்ன செலவு? நூறு வீடு ஏறி இறங்கி எழுதி வாருங்கள்.

மறுபடியும் ஒரு கோடை வரும், மாங்காய் தேங்கும், நாங்கள் மனு எடுத்துக்கொண்டு அதே மேசைக்குப் போவோம். அப்போது எங்கள் பக்கத்திலும் ஒரு தாள் இருக்க வேண்டும். அதை எழுதிய கை உங்களுடையதாக இருக்க வேண்டும்.